சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆவிக்குரிய பெருமையைக் கண்டறிந்து தாழ்மையில் பழகும் வழி

ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். காலையில் எழுந்து வேதம் வாசிப்பது பழக்கமாகிவிட்டது. கெட்ட வார்த்தை வாயில் வருவதில்லை. ஜெபக்கூட்டத்தில் நாலு பேர் முன்னால் சத்தமாக ஜெபிக்க இருந்த கூச்சமும் போய்விட்டது. "ஆண்டவர் உங்களை நல்லா எடுத்துப் பயன்படுத்துறார்" என்று மூத்தவர்கள் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். ஆவிக்குரிய பெருமை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் உள்ளே நுழைகிறது. மற்றப் பாவங்கள் நாம் தளர்ந்திருக்கும்போது வரும். இது நாம் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது, அந்த வளர்ச்சியையே பிடித்துக்கொண்டு வரும்.

சபைக் கண்காணியாக யாரை நியமிக்கலாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்கிறார். காரணமாக அவர் சொல்வது அனுபவக் குறைவை அல்ல, "இறுமாப்படைந்து" விழுந்துவிடக்கூடிய ஆபத்தை (1 தீமோத்தேயு 3:6). புதிய விசுவாசிக்கு இது வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உங்களுக்கும் வந்திருந்தால் பதற வேண்டாம். ஆனால் வேர் பிடிப்பதற்கு முன் பிடுங்கிப்போடுங்கள். பத்து வருடம் கழித்துப் பிடுங்கினால் கூடவே எத்தனையோ பேருடைய மனமும் பிய்ந்துகொண்டு வரும்.

தாழ்மை தனியறையில் உட்கார்ந்து யோசித்தால் வந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம். நாம் தெரிந்தெடுக்காத மனிதர்களோடு ஒரே சபையில் பழகும்போதுதான் அது படிகிறது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே அதனால் அடுத்தவரோடு சம்பந்தப்பட்டவை.

முதலில், இருக்கிறதா என்று பாருங்கள்

லூக்கா 18ஆம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவைச் சேர்ந்த பரிசேயன் ஒருவனும், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவனும் ஜெபிக்கிறார்கள். அந்தப் பரிசேயனின் ஜெபத்தை நிதானமாக வாசியுங்கள். அவன் பொய் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் எல்லாருக்கும் கட்டளையிட்டது ஆண்டுக்கு ஒருநாள், பாவநிவிர்த்தி நாளில், தங்களைத் தாழ்மைப்படுத்த வேண்டும், அதாவது உபவாசிக்க வேண்டும் என்பதுதான். இவனோ வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தான். சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் கொடுத்தான். தேவனுக்கு நன்றியும் சொன்னான்: "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." அவன் கெட்டுப்போன இடம் "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. ஜெபிக்கும்போதே அவனுடைய கண் பக்கத்தில் நிற்பவன்மேல் இருந்தது.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோவின் பெர்னார்ட் என்ற துறவி, பெருமை ஏறிப்போகும் படிகள் என்று பன்னிரண்டைச் சொன்னார். முதல் படி, தன்னைப் பார்க்க வேண்டிய கண் மற்றவர்களை நோட்டமிடத் தொடங்குவது. வீம்பும் அகந்தையும் அவர் பட்டியலில் பிறகுதான் வருகின்றன. ஆகவே நீங்களும் உங்கள் கண் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பிரசங்கம் கேட்கும்போது, "இது அந்தப் பிரதர் கேட்க வேண்டிய செய்தி" என்று எத்தனை தடவை தோன்றுகிறது? ஆராதனைக்கு நேரம் தவறி வருபவரைப் பார்த்ததும் மனம் என்ன சொல்கிறது? நீங்கள் பாட வேண்டிய பாட்டை வேறொருவருக்குக் கொடுத்தால், அவர் பாடும்போது சுருதி விலகுகிறதா என்று காது கூர்மையாகிறதா? உங்களுக்குப் பதில் வராத ஒரு விண்ணப்பத்துக்கு, நேற்று வந்தவருக்குப் பதில் கிடைத்தால் சந்தோஷம் வருகிறதா? வேறு சபைப் பிரிவினரைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறதா?

இன்னொரு அடையாளத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். "ஆண்டவர் என்னோட பேசினார்" என்பதை நீங்கள் எப்போது சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். அடுத்தவர் இனி மறுத்துப் பேச முடியாதபடி வாயை அடைக்க அது பயன்பட்டால், அங்கே பெருமை ஏற்கெனவே குடியேறிவிட்டது.

எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, ஜெபிக்கிறவனைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் வீண்புகழும் பெருமையும் தனித்தனியாக இருக்கின்றன. வீண்புகழ் மனிதர்களுடைய பாராட்டுக்கு ஏங்கும். பெருமைக்குப் பாராட்டுகூடத் தேவையில்லை; செய்த நன்மையெல்லாம் தன் பலத்தால் ஆனது என்று நினைத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ளாத சகோதரர்களை மூடர்களாகப் பார்க்கும்.

இந்தப் பிரிவு நடைமுறைக்கு மிகவும் உதவும். ஜெபித்து முடித்ததும் யாராவது "நல்ல ஜெபம்" என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறீர்களா? உங்களுக்கு மறைவில் செய்யும் வேலை நல்ல மருந்து. யார் என்ன சொன்னாலும் கவலையில்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நிலையா? அப்படியானால் மறைவில் செய்வது உங்களை இன்னும் இறுகச் செய்யலாம். உங்களுக்குத் தேவை நன்றியும், திருத்தத்தை ஏற்கும் பழக்கமும்.

நன்றிக் கணக்கு எழுதுங்கள்

"உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று கொரிந்தியரைக் கேட்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 4:7). வரங்கள் நிறைந்திருந்த சபை அது. கட்சி கட்டிக்கொண்டு மேன்மை பாராட்டிய சபையும் அதுவே. அந்தக் கேள்வியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்துப் பதில் எழுதுங்கள். உங்களில் வந்த நல்ல மாற்றங்களை ஒரு பக்கத்தில் எழுதி, அது யார் கையால் வந்தது என்று எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். முதல் வேதாகமத்தை யார் கொடுத்தார்? முதல் நாள் சபைக்குள் வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது யார் நகர்ந்து இடம் விட்டார்? நீங்கள் விசுவாசத்துக்கு வருவதற்கு முன்பே யார் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார்? வேதத்தை உங்கள் மொழிக்குப் பெயர்த்தவர்கள், ஞானப்பாட்டுகளை எழுதி வைத்தவர்கள், நீங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தக் கட்டடத்துக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில் வருவார்கள்.

எழுதி முடித்த பிறகு, உயிரோடிருப்பவர்களில் ஒருவரிடம் போய் நேரில் நன்றி சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லுங்கள்: "அக்கா, நான் முதல்ல வந்தப்ப எந்த வசனம்னு தெரியாம புரட்டிட்டிருந்தேன். நீங்க பேசாம உங்க வேதத்தை எடுத்து வச்சீங்க. அது இன்னும் ஞாபகம் இருக்கு." இப்படிச் சொல்லும்போது கூச்சமாக இருந்தால் நல்லது. பெருமை வெட்டுப்படும்போது அப்படித்தான் இருக்கும்.

கண்ணில் படாத வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்

ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவது, கழிவறையைக் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது, காது சரியாகக் கேட்காத பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையைக் கேட்பது என்று எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடர்ந்து செய்யுங்கள். அதில் மூன்று காரியங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். செய்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். "ஒரு ஆள்கூட உதவிக்கு வரல" என்று பெருமூச்சு விடுவதும் சொல்வதுதான். அந்த வேலையை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படிச் செய்யச் சொல்கிறாரோ, அப்படியே செய்யுங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல முறை தெரிந்திருக்கலாம். முதல் சில மாதங்கள் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வேறு யாராவது அந்த வேலையைக் கேட்டால் விட்டுக்கொடுங்கள். கழிவறை கழுவுவதைக்கூட "என் ஊழியம்" என்று இறுகப் பிடித்துக்கொள்ள முடியும்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை இந்த இடத்தில் எல்லாரும் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது பேதுருவை. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று அவன் சொன்னது பார்வைக்குத் தாழ்மையாகத் தெரிகிறது. இயேசு அதை ஏற்கவில்லை: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" (யோவான் 13:8). கொடுக்கும் இடத்தில் இருப்பது சிலருக்குச் சுலபம், வாங்கும் இடத்தில் உட்காருவது முடியாது. சபையில் எல்லாருக்காகவும் ஜெபிப்பார்கள். தங்களுக்கென்று ஒரு ஜெப விண்ணப்பமும் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "கர்த்தருடைய கிருபையால எல்லாம் நல்லா இருக்கு" என்பார்கள். வீட்டில் புயல் அடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த வாரம் ஜெப விண்ணப்பம் கேட்கும்போது உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். "ஊழியத்துக்காக ஜெபியுங்கள்" என்று மறைத்துப் பேசாமல், "பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள். முழுக் கூட்டத்தில் சொல்ல முடியாத காரியமென்றால், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். உங்களைவிட விசுவாசத்தில் இளையவர் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபிக்க வந்தால் தலையைக் குனிந்துகொடுங்கள். அவருடைய வார்த்தைகள் தடுமாறலாம். அந்த ஜெபத்தை மனதுக்குள் திருத்தாமல் கடைசிவரை கேட்டு "ஆமென்" சொல்லுங்கள்.

சாட்சி சொல்லும்போது

ஆவிக்குரிய பெருமை அதிகம் ஒளிந்துகொள்ளும் இடம் சாட்சி. இப்படி ஒரு சாட்சியை எடுத்துக்கொள்வோம்: "வேலை போயிடுச்சு. ஆனா நான் சோர்ந்துபோகல. உபவாசம் இருந்து, ராத்திரி முழுக்க ஜெபத்துல போராடினேன். ஆண்டவர் முன்னைவிட நல்ல வேலையைக் கொடுத்தார். அல்லேலூயா." ஆண்டவர் பெயர் வருகிறது. ஆனால் வேலை இல்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன கேட்கிறது? "நீ போதுமான அளவு ஜெபிக்கவில்லை." அதே ஆள் அதே சம்பவத்தை இப்படியும் சொல்லலாம்: "வேலை போனப்ப ரொம்பப் பயந்துட்டேன். சில நாள் ஜெபிக்கவே முடியல. இங்க இருக்கிற ரெண்டு பேர் விடாம விசாரிச்சாங்க, மளிகை வாங்கிக் கொடுத்தாங்க. ஆண்டவர் இரங்கினார்." இதிலும் பொய் இல்லை, மையத்தில் இருக்கும் ஆள் மட்டும் மாறிவிட்டார்.

பவுல் தனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெளிப்பாட்டைப் பற்றி எழுதும்போது "நான்" என்று தொடங்கவே இல்லை. "கிறிஸ்துவுக்குள்ளான ஒரு மனுஷனை அறிவேன்" என்று யாரோ ஒருவரைப்போலச் சொல்கிறார். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவம் அது. நடந்து பதினாலு வருடம் ஆன பிறகு, கொரிந்தியர் அவரை நெருக்கியதால்தான் அதைப் பற்றி எழுதுகிறார். எழுதிய கையோடு, "நான் என்னை உயர்த்தாதபடிக்கு" தனக்குக் கொடுக்கப்பட்ட முள்ளைப் பற்றிச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 12). நமக்கு நேற்று இரவு வந்த கனவை இன்று காலை எல்லாருக்கும் அனுப்பியாக வேண்டியதில்லை. ஒரு அனுபவத்தைச் சிலகாலம் ஆண்டவருக்கும் உங்களுக்கும் இடையில் மட்டும் வைத்திருந்து பாருங்கள். வைத்திருக்க முடியாமல் தவித்தால், எந்த வகைப் பெருமை என்பதும் தெரிந்துவிடும்.

திருத்தத்தைக் கேட்கப் பழகுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் கடினம். சபையில் முதிர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "என்னிடம் தவறு கண்டால் சொல்லுங்கள்" என்று கேட்டு வையுங்கள். உங்களுக்குப் பதவி தரக்கூடியவராக அவர் இல்லாதிருப்பது நல்லது. இல்லாவிட்டால் கேட்டுக்கொள்வதிலும் ஆதாயம் கலந்துவிடும். சொல்லும்படி கேட்டு வைத்தாலும், சொல்லும் நாளில் அது சுடும். இப்படி நடக்கலாம்:

"தம்பி, நேத்து வேதபாடத்துல அந்தப் புதுசா வந்த பிள்ளை ஒரு பதில் சொன்னா. நீங்க உடனே 'அது தப்பு'ன்னு சொல்லி மூணு வசனம் எடுத்துக்காட்டினீங்க. அதுக்கப்புறம் அவ வாயே திறக்கல."

உங்களுக்குள் உடனே எழும் பதில்கள்: "அவள் சொன்னது தப்புதானே", "சத்தியத்தைச் சத்தியமாகத்தானே சொல்ல வேண்டும்", "ஆண்டவர் என் இருதயத்தைப் பார்க்கிறார்." இவற்றில் ஒன்றையும் அன்று சொல்லாதீர்கள். "சரிக்கா, நான் அதைக் கவனிக்கல. சொன்னதுக்கு நன்றி. யோசிக்கிறேன்" என்பது போதும். ஒருநாள் கழியட்டும். அவர் சொன்னது முழுதும் சரியாக இராவிட்டாலும், அதில் உண்மையான பங்கு எது என்று ஆண்டவரிடம் கேளுங்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், "நேத்து உங்களை எல்லார் முன்னாலயும் மடக்கிப் பேசிட்டேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் மன்னிப்பில் குற்றம் கேட்டவர்மேல் போய்விடுகிறது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

அப்போஸ்தலர் 18இல் வரும் அப்பொல்லோ எனக்கு மிகவும் பிடித்தவர். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன், ஜெப ஆலயத்தில் தைரியமாய்ப் பேசுகிறவன். கூடாரம் பண்ணும் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதி அவரைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்குகிறார்கள். அவர் பேச்சாற்றலைக் காட்டி எதிர்த்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. திருத்தியவர்களும் அவரைச் சபை நடுவில் நிறுத்தி வைத்துத் திருத்தவில்லை என்பதையும் பாருங்கள். நீங்கள் ஒருவரைத் திருத்த வேண்டி வரும் நாளில் இது உதவும்.

போலித் தாழ்மைக்கு விலகியிருங்கள்

"நான் ஒண்ணுமே இல்ல, வெறும் தூசி" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் தன்னைப் பற்றியே பேசுவதுதான். பெர்னார்டின் படிகளில் ஒன்பதாவது, நடிப்பாகச் செய்யும் பாவ அறிக்கை. அவர் அதை முதல் படியைவிட வெகுதூரம் முற்றிய நிலையாக வைத்திருக்கிறார். பவுலும் கொலோசெயருக்கு "மாயமான தாழ்மை" என்று எழுதி எச்சரிக்கிறார். யாராவது பாராட்டினால் "நன்றி, சந்தோஷம்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். உங்களுக்குப் பாட வருமென்றால் வராது என்று சொல்லாதீர்கள். அந்த வரம் சபைக்காகக் கொடுக்கப்பட்டது.

தாழ்மை என்று சொல்லி உங்களை அடக்கினால்

இதைப் புதியவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. காணிக்கைக் கணக்கு கேட்டதற்காகவோ, பிள்ளைகளிடமோ பெண்களிடமோ நடந்த தவறைச் சொன்னதற்காகவோ, "உங்களிடம் தாழ்மை இல்லை" என்று ஒருவர் வாயை அடைத்தால், அது தாழ்மையைப் பற்றிய போதனை அல்ல. அப்படிப்பட்ட காரியத்தை வெளியே சொல்லுங்கள்; குற்றமென்றால் சட்டத்தின் உதவியை நாடுங்கள். பவுல் பிலிப்பியில் நியாயம் விசாரிக்காமல் அடிக்கப்பட்டபோது, அதிகாரிகளே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார் (அப்போஸ்தலர் 16:37). அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). தாழ்மையை அந்தக் கதையில் நான் பேதுருவிடம் பார்க்கிறேன். தன்னை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்ட அதே ஆளை, 2 பேதுரு 3:15 "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று அழைக்கிறது.

பொறுப்பு தேடி வரும்போது

வாலிபர் கூட்டத்தை நடத்தவோ, ஆராதனை நடத்தவோ உங்களைக் கேட்பார்கள். உடனே ஒப்புக்கொள்ளாமல் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். மேலே சொன்ன முதிர்ந்தவரிடமும், உங்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களிடமும், "நான் இதுக்குத் தயாரா?" என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள். ஏற்றுக்கொண்டால், உங்களுக்குப் பிறகு அதைச் செய்யக்கூடிய ஒருவரைத் தொடக்கத்திலேயே பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நிற்கும் வாய்ப்பைக் கொடுங்கள். அவர் உங்களைவிட நன்றாகச் செய்யும் நாள் வரும். அன்று உங்கள் கண் மறுபடி பக்கத்தில் போகும். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று யோவானைத் திரும்பிப் பார்த்துக் கேட்ட பேதுருவுக்கு, இயேசு "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் (யோவான் 21:22). அந்த நாளில் அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர் திருந்த வேண்டும் என்று ஜெபிக்காமல், அவர் கை செய்வதெல்லாம் வாய்க்க வேண்டும் என்று ஜெபியுங்கள். மனம் ஒத்துவராவிட்டாலும் அடுத்த நாளும் ஜெபியுங்கள்; கூட்டம் முடிந்ததும் அவருக்குக் கேட்கும்படி, எது நன்றாக இருந்தது என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, நாற்காலிகளை அடுக்கப் போங்கள்.